கயாக்கும் கைத்தையலும்

வீட்டில் செய்த பண்டம் என்றால் நமக்கு எப்போதுமே ஒரு தனிப் பிரியம். கடை அப்பளத்தைவிட வீட்டு அப்பளம் உயர்ந்தது என்று வாதிப்போம். கடைச் சட்டையைவிட வீட்டில் தைத்த சட்டை நீடித்து உழைக்கும் என்போம். இந்தப் பத்தியிலேயே பல தடவை, "செய்து கொள்ளக் கூடியதை விலைக்கு வாங்காதீர்கள்" என்று நேயர்களுக்கு உபதேசம் செய்திருக்கிறோம். அந்த உபதேசத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதைச் சென்ற கோடையில் நம் வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக் கொள்ள நேர்ந்தது.

நம் தமக்கையின் மகன் கல்லூரியில் படிக்கிறவன். அவனும் அவன் சிநேகிதர்களுமாகச் சேர்ந்து பழைய கயாக் படகுகள் இரண்டை மலிவாக வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலை அவன் விசித்திரமான ஓர் அங்கியை அணிந்து கொண்டு நம் முன் வந்து நின்றான். பழைய சட்டையொன்றில் எட்டுப் பைகள் தைத்து, பைக்கு ஒன்றாக ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளைக் காலியாகச் செருகியிருந்தான்.

"மாமா, இது உயிர் காக்கும் சட்டை. கடையிலே ஆயிரக் கணக்கில் விலை சொல்கிறார்கள். எனக்கு ஆன செலவு ஒரு நூல்கண்டு. ஞாயிற்றுக்கிழமை கழிமுகத்தில் படகு விடப் போகிறோம்" என்றான்.

"சுதேசிக்கு ஜே!" என்று சொல்ல நாக்கு எழுந்தது. "கொஞ்சம் பொறு" என்று புத்தி தடுத்தது. அன்று புத்தி சொன்னதைக் கேட்டதே நல்லதாயிற்று.

கயாக் என்பது இன்னதென்று அறியாத நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. வட துருவத்தை அடுத்த கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா ஆகிய பிரதேசங்களில் வாழும் இனுயிட் மக்களின் வேட்டைப் படகு அது. ஒடுங்கி நீண்டு, மேலும் மூடப்பட்டிருக்கும். நடுவில் ஓர் ஆள் இடுப்பளவு நுழையக் கூடிய குழி மட்டும் உண்டு. அதில் கால் நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பினால் வலமும் இடமும் மாறி மாறி வலிக்க வேண்டும். இப்போது உலகெங்கும் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி இழையிலும் செய்து விளையாட்டாக ஓட்டுகிறார்கள்.

ஆதியில் இந்தப் படகே முழுக்க முழுக்க வீட்டுக் கைவேலைதான். மரம் வளராத அந்தத் தேசத்தில் கடல் கொண்டு வந்து ஒதுக்கும் மரத்துண்டுகளைப் பொறுக்கி ஆண்கள் சட்டம் கட்டினார்கள். ஓட்டுகிறவனுடைய உடம்பே அளவுகோல். அந்தச் சட்டத்தின் மேல் ஸ்திரீகள் சீல் என்னும் கடல்நாயின் தோலைத் தைத்துப் போர்த்தினார்கள். தையல் சாமான்யத் தையல் அல்ல: ஊசி தோலின் முழுக் கனத்தையும் துளைத்து மறுபுறம் வரலாகாது. துளைத்தால் தண்ணீர் கசியும்; தண்ணீர் கசிந்தால் அந்தக் குளிரில் கணவனோ மகனோ திரும்பி வரமாட்டான். பாதுகாப்புச் சாதனமும் அவர்கள் கையால் ஆனதுதான். துயிலிக் என்று ஓர் அங்கி உண்டு. அது முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டுகளைச் சுற்றியும் இறுகியிருக்கும். கீழ் விளிம்பு படகுக் குழியின் விளிம்போடு பொருந்திக் கட்டப்பட்டிருக்கும். படகு கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் புகாது. ஓட்டுகிறவன் துடுப்பை வீசி, படகோடு உருண்டு நிமிர்ந்து விடுவான்.

ஆகையால், "வீட்டில் செய்தது ஆபத்து, கம்பெனியில் செய்ததே க்ஷேமம்" என்று சொல்ல நமக்கு வாயில்லை. உலகத்தின் முதல் கயாக் பாதுகாப்புச் சாதனங்களெல்லாம் வீட்டில் செய்தவையே. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தத் தாய்மார் ஒவ்வொரு தையலும் எதற்காக என்று அறிந்து தைத்தார்கள். அது பல தலைமுறைகள் கடலிலே சோதித்துத் தேறிய தையல். நம் பையனோ தன் சட்டையை அதற்கு முந்திய இரவு தைத்திருந்தான்.

"சரி, உன் சட்டையைச் சோதித்துப் பார்த்துவிடுவோம்" என்று ஊர்க் குளத்துக்கு அழைத்துப் போனோம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கச் சொல்லி, காலைத் தூக்கி உடம்பைத் தளர விடு என்றோம். மறுகணமே எட்டுப் புட்டிகளும் மேலே கிளம்பின. சட்டை அக்குளைத் தாண்டி ஏறி மோவாயில் முட்டியது. முதுகுப் பக்கத்துப் புட்டிகள் அவனைக் குப்புறத் தள்ளின. ஒரு புட்டியின் மூடி சரியாக இறுகாததால் அதில் தண்ணீரும் புகுந்தது. பையன் இருமிக் கொண்டே எழுந்து நின்றான். அங்கே தரை காலுக்கு எட்டியது, கழிமுகத்தில் எட்டாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கணக்குப்படி அவன் சட்டை தேறியிருக்க வேண்டும். தண்ணீரில் கிடக்கும் மனிதனுடைய தலையை மேலே நிறுத்தப் பிரமாதமான பலம் தேவையில்லை. சுமார் 3 கிலோவிலிருந்து 5½ கிலோ வரை தாங்கும் மிதப்பு போதும். கயாக் ஓட்டுகிறவர்கள் அணியும் மிதவைச் சட்டைக்குச் சர்வதேச அளவுகோல் 50 நியூட்டன், அதாவது பெரியவர்களுக்குச் சுமார் 5 கிலோ தாங்கும் மிதப்பு. எட்டு லிட்டர் காற்று சுமார் 8 கிலோ தாங்கும். ஆகவே மிதப்பில் குறையில்லை. குறை இருந்த இடங்கள் வேறு: மிதப்பு உடம்பின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது, சட்டை மேலே ஏறாமல் எது பிடித்து நிறுத்துகிறது, பல மணி நேரம் அலையடித்தாலும் அது குறையாதா என்பவையே.

இந்த மூன்று கேள்விகளுக்கு விடை காண மேல்நாட்டார் நூறு வருஷத்துக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுச் சங்கத்தைச் சேர்ந்த காப்டன் வார்டு என்பவர் 1854-ல் தக்கைச் சட்டையை உருவாக்கினார். 1861 பிப்ரவரி மாதத்தில் விட்பி துறைமுகத்தில் புயலினிடையே உயிர்காப்புப் படகு ஒன்று கவிழ்ந்தது. அதிலிருந்த 13 பேரில் 12 பேர் மாண்டனர். பிழைத்த ஒருவர் ஹென்றி பிரீமன். புதுத் தக்கைச் சட்டை அணிந்திருந்தவரும் அவர் ஒருவரே. பிறகு 1904-ல் தக்கையின் இடத்துக்கு இலவம்பஞ்சு வந்தது. ஆம், நம் தலையணையில் இருக்கும் அதே பஞ்சுதான்! அதன் இழை உள்ளே கூடாக, மெழுகு பூசினாற் போல் இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. ஆனால் அதன் மேல் உட்கார்ந்து நசுக்கினால் மிதப்பு குறைந்துவிடும் என்று அனுபவத்தில் தெரிந்தது. பஞ்சைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துப் பார்த்தார்கள். உறை கிழிந்தால் பழைய கதைதான். கடைசியில் தண்ணீரை உறிஞ்சாத ஃபோம் வந்து பஞ்சை ஓய்வு பெறச் செய்தது.

இத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்துக் கற்ற பாடத்தை நாம் ஒரு நூல்கண்டில் முடித்துவிட முடியாது. எனவே முதல் விதி இது: உடம்பில் அணியும் மிதவைச் சட்டையை வீட்டில் செய்யலாகாது. தர முத்திரை உள்ளதாய், அணிகிறவருடைய எடைக்கு ஏற்றதாய்ப் பார்த்து வாங்க வேண்டும். அணிந்து வார்களை இறுக்கிய பின், வேறொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும்; சட்டை மோவாய்க்கு ஏறினால் அது அளவல்ல. அதை மடித்து ஆசனமாகப் போட்டு உட்காருவது மகா பாபம். நம் பையனின் சட்டைக்கு அவன் தாயாரும் நாமும் பாதிப் பாதி பணம் கொடுத்தோம். அந்தச் செலவுக்காக நாம் வருந்தவில்லை.

நிற்க. பையன் முகம் வாடிப் போயிற்று. "அப்படியானால் நான் எதையுமே செய்யக் கூடாதா, மாமா?" என்று கேட்டான். செய்யக் கூடியவை எத்தனையோ உண்டு. அவனுடைய எட்டுப் புட்டிகளிலிருந்தே ஆரம்பித்தோம்.

நம்முடைய கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். மரங்களைச் சேர்த்துக் கட்டிய அதன் மேல் அலை ஏறினால், இடுக்குகளின் வழியே தண்ணீர் இறங்கிப் போய்விடும். நிரம்புவதற்கு அதற்கு வயிறு கிடையாது. கயாக்குக்கோ வயிறு உண்டு. கவிழ்ந்து நிமிர்ந்தால் நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீரை அது குடித்துவிடும்; அப்புறம் அதை அசைக்கவும் முடியாது, அதில் ஏறவும் முடியாது. ஆகையால் அந்த வயிற்றை முன்கூட்டியே காற்றால் நிரப்பிவிட வேண்டும். மூடி இறுகிய, உலர்ந்த ஒரு லிட்டர் புட்டி ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இடம் இல்லாமல் செய்கிறது. வலைப்பையில் 25 புட்டிகளைக் கட்டி முன்பக்க மூக்கிலும், இன்னொரு 25-ஐப் பின்பக்க வாலிலும் அடைத்தால் 50 லிட்டர் தண்ணீர் குறைந்தது. பையைப் படகோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பாதம் ஊன்றும் இடத்துக்கும் முழங்கால் அசையும் இடத்துக்கும் ஒரு புட்டிகூட நகர்ந்து வரலாகாது. வெளியே வரும்போது கால் சிக்கினால், உதவியே உபத்திரவமாகிவிடும். உள்கூடு முழுவதும் அடைக்கப்பட்டு, மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைப் படகுகளுக்கு இந்தச் சிரமம் வேண்டியதில்லை.

முன்காலத்தில் நம் கிராமங்களில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகையில் உலர்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் இறக்குவார்கள் அல்லவா? இந்தப் புட்டிகள் அந்தக் குடுக்கையின் பேரப் பிள்ளைகள். ஆனால் குடுக்கை கட்டிய பிள்ளையின் பக்கத்தில் தகப்பனோ மாமனோ நீந்திக் கொண்டிருந்தார் என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது, துடுப்பு மிதவை. கவிழ்ந்த படகில் தானாக ஏறுவதற்கு இது ஊன்றுகோல். 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 5 கனம் உள்ள ஃபோம் பலகை இரண்டு வேண்டும். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நடுவில் துடுப்பின் அலகு நுழையுமாறு ஒரு பக்கம் திறந்த கெட்டித் துணி உறையில் போட்டுத் தைக்க வேண்டும். உறையிலிருந்து வரும் நாடாவைத் துடுப்பின் கம்பில் சுற்றி இறுக்கிக் கொள்ள வேண்டும். கணக்குப் போட்டால் 12 லிட்டர். ஏறக்குறைய 12 கிலோ தாங்கும். துடுப்பின் ஒரு முனையில் இதை மாட்டி, மறு முனையைக் குழிக்குப் பின்னால் படகின் குறுக்கே வைத்துப் பிடித்தால், படகுக்கு ஒரு பக்கத்தில் கை முளைத்தாற் போல் ஆகிவிடும். அந்தக் கையின் பலத்தில் குப்புறப் படுத்து ஏறி, மெல்லத் திரும்பி உட்காரலாம். ஃபோம் வாங்குகையில் ஏமாறக் கூடாது. மெத்தைக்குள் வைக்கும் ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் கல் ஏற்றி ஓர் இரவு வைத்து, காலையில் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அது மெத்தைக்கே ஆகட்டும்.

மூன்றாவது, எறிகயிற்றுப் பை. இதை நாமே தைக்கிறோம் என்று வீராப்பாக ஏற்றுக் கொண்டோம். அங்கேதான் நம் மானம் போயிற்று. பளபளப்பான மஞ்சள் மழைத்துணியில் பையை அழகாகத் தைத்து, கடைக்காரர் "நைலான் கயிறு" என்று கொடுத்ததை 15 மீட்டர் வாங்கித் திணித்து, குளத்தில் பிரமாதமாக எறிந்தோம். பை மிதந்தது, கயிறு மூழ்கியது! பையன் சிரிக்கவில்லை. மாமன் என்ற மரியாதைதான் காரணமாயிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். நம் ஊரில் பிளாஸ்டிக் கயிறு எல்லாவற்றுக்கும் நைலான் கயிறு என்றே பெயர். உண்மையான நைலான் தண்ணீரைவிடக் கனமானது, மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் என்னும் கயிறு தண்ணீரைவிட இலேசானது, மிதக்கும். மூழ்கும் கயிறு தத்தளிப்பவன் கைக்கு அகப்படாது. அவன் காலில் சுற்றிக் கொண்டாலும் கொள்ளும். பெயரைக் கேட்டு வாங்காமல், ஒரு சாண் துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து வாங்குவதே உத்தமம். கனம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கட்டும். மெல்லிய கயிறு ஈரக் கையை அறுத்துவிடும்.

பையின் அடியில் ஒரு ஃபோம் வட்டை வைத்து, கயிற்றின் ஒரு முனையை அதன் நடுவே செலுத்தி முடிச்சிட வேண்டும். கயிற்றைச் சுருட்டி வைக்காமல், கைப்பிடி கைப்பிடியாக உள்ளே திணிக்க வேண்டும். சுருட்டினால் எறியும்போது சிக்கும். மறு முனையைக் கையில் பிடித்துக் கொண்டு, பையை மூழ்குகிறவனுடைய தலைக்கு அப்பால் விழும்படி எறிந்தால், கயிறு அவன் தோள்மேல் வந்து படியும். கையில் பிடிக்கும் முனையை எக்காரணம் கொண்டும் இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டிக் கொள்ளலாகாது. ஒருவர் போகிற இடத்துக்கு இருவர் போவதில் என்ன லாபம்? கயிறு இருக்கும் படகில் அதை அறுக்க ஒரு கத்தியும் இருப்பது விவேகம்.

இனி, செய்யலாமா கூடாதா என்று நம்மை வெகு நேரம் தயங்க வைத்த ஒன்று உண்டு. அது குழியின் வாயை மூடும் இடுப்பு உறை. அந்த இனுயிட் அங்கியின் கீழ்ப் பாதி என்று சொல்லலாம். அதன் அவசியத்தைக் குறித்துச் சந்தேகமில்லை. 1993 மார்ச் 22-ந் தேதி இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் மாணவர்கள் ஓட்டிச் சென்ற கயாக்குகளுக்கு இந்த உறை இல்லை. அலை உள்ளே புகுந்து படகுகள் ஒவ்வொன்றாக நிரம்பின. நான்கு இளம் மாணவர்கள் குளிர்ந்த நீரில் மாண்டார்கள். அதன் விளைவாக 1995-ல், மாணவர்களை இத்தகைய கேளிக்கைகளுக்கு அழைத்துச் செல்லும் நிலையங்களைக் கட்டுப்படுத்த அந்தத் தேசத்தில் சட்டமே வந்தது.

ஆயினும் தண்ணீரை வெளியே நிறுத்தும் அதே உறை, தவறாகத் தைத்தால் மனிதனை உள்ளே நிறுத்திவிடும். ஓரத்தில் கோத்த ரப்பர் கயிறு விளிம்பில் அளவுக்கு மிஞ்சி இறுகினால், தலைகீழாகத் தொங்குகிறவன் அதைக் கழற்ற மாட்டான். முன்புறத்தில் ஒரு நாடா வளையத்தை இரட்டைத் தையலிட்டு வைக்க வேண்டும். உறையை மாட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த வளையம் வெளியே தெரிகிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். பாலியெஸ்டர் நூலே தகும். நம் பையன் மூன்று உறைகள் தைத்தான். முதலாவது நிற்கவில்லை. இரண்டாவது கழலவில்லை. மூன்றாவதைக் குளத்தில், இரண்டு சிநேகிதர்கள் இரு பக்கமும் நிற்க, வேண்டுமென்றே கவிழ்ந்து இருபது தடவை கழற்றிக் காட்டினான். கடைசி ஐந்து தடவை கண்ணை மூடிக் கொண்டு கழற்றினான். அதற்குப் பிறகே நாம் அனுமதி கொடுத்தோம்.

சில்லறைச் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து லிட்டர் எண்ணெய் டப்பாவைச் சாய்வாக வெட்டினால் தண்ணீர் இறைக்க உதவும். ஸ்பாஞ்ச் ஒன்று மீதித் தண்ணீரை ஒற்றி எடுக்கும். மெத்தை ஸ்பாஞ்சுக்கு இங்கே வேலை கிடைத்துவிட்டது. மிதவைச் சட்டையில் ஒரு விசில் கட்டியிருக்கட்டும். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று எல்லோரும் முன்னதாகப் பேசி வைத்துக் கொள்ளட்டும்.

இவ்வளவும் செய்தாலும் வீட்டிலும் தைக்க முடியாத, கடையிலும் வாங்க முடியாத ஒரு சாதனம் இருக்கிறது. அது பக்கத்தில் வரும் துணை. கினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கில இளைஞர் கிரீன்லாந்து மக்களிடமே கயாக் வித்தையைக் கற்று, கவிழ்ந்த படகை உருட்டி நிமிர்த்துவதிலும் தேர்ச்சி பெற்றிருந்தார். 1932 ஆகஸ்டு 20-ந் தேதி அவர் தன்னந் தனியாகக் கடல்நாய் வேட்டைக்குப் போனார். காலியான படகு மட்டும் மிதக்கக் கண்டார்கள். அவருக்கு வயது 25. எறிகயிற்றை எறிய இன்னொரு கை வேண்டும் என்பதை யோசித்தால், அந்தப் பையைத் தைக்கும்போதே சிநேகிதனையும் சேர்த்துத் தைக்கிறோம் என்பது விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணம் நான்கு ஞாயிறு தள்ளிப் போயிற்று. ஐந்தாவது ஞாயிறு அவர்கள் போனார்கள். கரையில் நம் தமக்கை ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக் கொண்டிருந்தார். ஒரு பையன் கவிழ்ந்தான். துடுப்பு மிதவையை மாட்டி மூன்றாவது முயற்சியில் ஏறினான். எல்லோரும் பசியோடு திரும்பி வந்து, கொண்டு போயிருந்த புளியோதரையை ஒரு பருக்கை மீதி வைக்காமல் தின்றார்கள். வேறு விசேஷம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் இருப்பதற்காகத்தானே இத்தனை பாடும்?

திரும்பி வரும் வழியில் பையன், "நான் தைத்த சட்டையை நீங்கள் ஒப்புக் கொள்ளவில்லையே, சுதேசிப் பற்று எங்கே போயிற்று, மாமா?" என்று மெல்லக் கிண்டல் செய்தான். அவனுக்கு ஒரு பழைய சங்கதியைச் சொன்னோம். 1924-ல் காங்கிரஸ் பிரதிநிதிகள் மாதம் 2,000 கஜம் நூல் நூற்று அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் செய்தபோது, ஏதோ ஒரு நூல் என்று எழுதவில்லை. சமமான நூல், நன்றாக முறுக்கேறிய நூல் என்று எழுதினார்கள். கையால் நூற்றது என்ற பெருமை, அறுந்து போகும் நூலுக்கு மன்னிப்பு ஆகவில்லை. வேட்டிக்கான நூலுக்கே அவ்வளவு நிபந்தனை என்றால், உயிரைக் கட்டும் நூலுக்கு எவ்வளவு வேண்டும்?

பையன் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் எறிகயிற்றுப் பையைப் பிரித்து, கயிற்றை நிழலில் உலர்த்தி, அடியிலிருந்த முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.